அல்ஹம்ராவின் சுவர்களும் அவற்றை வாசிப்போரும்

அந்தலூசியாவைப் பற்றி எழுத அமரும் நம்மவர் பேனா பெரும்பாலும் கையறுநிலைத் துறையிலேயே இறங்குகிறது. இதற்கு முன்னோடிகள் உண்டு. செவில்லா முதலிய நகரங்கள் வீழ்ந்த காலத்தில் அபுல் பகா அர்-ருந்தி பாடிய இரங்கற்பா அரபுலகில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டது. 1933இல் ஸ்பெயின் சென்ற அல்லாமா இக்பால் இயற்றிய ‘மஸ்ஜிதே குர்துபா’ உருது அறிந்தோர் நெஞ்சில் நிலைபெற்றது. இவ்விரண்டும் பெருங்கவிஞர்களின் படைப்புகள். அவற்றின் நிழலில் முளைத்த உரைநடைக் கட்டுரைகளைப் பற்றி அவ்வாறு சொல்வதற்கில்லை. கிரனாடாவின் கடைசி சுல்தான் அபூ அப்தில்லாஹ் நகரை ஒப்படைத்துவிட்டு மலைமேட்டில் நின்று திரும்பிப் பார்த்து அழுததும், அவருடைய தாயார் அந்த அழுகையை இகழ்ந்து ஏசியதும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். இக்கதையை எழுத்தில் பரப்பியவர் அரபு வரலாற்றாசிரியர் எவருமல்லர். பேரரசர் ஐந்தாம் கார்லோஸின் அவையைச் சார்ந்த அந்தோனியோ தெ குவேரா என்னும் ஸ்பானிய ஆயர். வென்றவர் தரப்பில் புனையப்பட்ட கதை, தோற்றவருக்காகக் கண்ணீர் விடுவோரின் மேற்கோளாக மாறிய விந்தை இது.

கிரனாடா நகரின் சபீக்கா மலைமீதுள்ள அல்ஹம்ரா மாளிகைத் தொகுதியைக் காணச் செல்வோரிடமும் இதே நிலையைத்தான் காண்கிறோம். ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வருகின்றனர். நஸ்ரிய மாளிகைகளுக்குள் நுழைய ஒவ்வொருவருக்கும் நேரம் குறித்த சீட்டு உண்டு. குறித்த அரைமணிக்குள் நுழையாவிட்டால் உரிமை போயிற்று. உள்ளே சென்றதும் கூட்டம் ஒரே திசையில் நகர்கிறது. கைகள் படமெடுக்கின்றன, வாய்கள் வியக்கின்றன. மேலைநாட்டார் அதில் ‘ஆயிரத்தொரு இரவு’களைக் காண்கின்றனர். முஸ்லிம்கள் இழந்த பேரரசைக் காண்கின்றனர். சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று நின்று கேட்போர் இரு தரப்பிலும் அரியர்.

இந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டியது ஏனெனில், அல்ஹம்ராவைப் போல் இத்தனை சொற்களைத் தன் உடலில் தாங்கிய மாளிகை உலகில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. கிரனாடாவிலுள்ள அரபியல் ஆய்வுப் பள்ளியின் அறிஞர்கள் 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, அங்கே ஏறத்தாழ 10,000 பொறிப்புகள் உள்ளன. அதுவரை 3,116 பொறிப்புகள் பதிவுசெய்யப்பட்டிருந்தன. திருக்குர்ஆன் வசனங்களும் கவிதைகளும் சேர்ந்து அவற்றில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. எஞ்சியவை துதிகள், வாழ்த்துகள், அரச முத்திரை வாசகங்கள். நம்மூர் மக்தபில் ஓதக் கற்ற எவரும் இச்சுவர்களின் சாய்வெழுத்தில் சில சொற்களையேனும் எழுத்துக்கூட்டிவிட முடியும். பின்னல் பின்னலாய் நீண்டு உயர்ந்து பூவேலைக்குள் ஒளியும் கூஃபி எழுத்தோ, கற்றவர்களையே தடுமாற வைப்பது. எழுத்தை ஓதத் தெரிந்தும் பொருள் புரியாமல் நிற்பது நமக்குப் புதிய அனுபவமன்று. அல்ஹம்ராவில் அது கூடுதலாகச் சுடும், அவ்வளவே.

கொமாரெஸ் கோபுரத்து அரியணை மண்டபத்தில் நுழைவோம். இதனை எழுப்பியவர் முதலாம் யூசுஃப் (ஆட்சி 1333–1354). அண்ணாந்து பார்த்தால் மரக்கூரை. 8,017 துண்டுகளைப் பொருத்தி, அடுக்கடுக்காய் உயரும் விண்மீன் வடிவங்களாக அதனை அமைத்துள்ளனர். இதன் பொருள் என்னவென்று கூரையின் அடியில் ஓடும் எழுத்துப்பட்டையே சொல்லிவிடுகிறது. அங்கே பொறிக்கப்பட்டிருப்பது 67ஆம் அத்தியாயமான ஸூரத்துல் முல்க். நம் வீடுகளில் இரவில் ‘தபாரக்க ஸூரா’ என்று ஓதப்படுகிறதே, அதுவேதான். ஏழு வானங்கள் அடுக்காகப் படைக்கப்பட்டதையும், பார்வையைத் திருப்பித் திருப்பிச் செலுத்தினாலும் அப்படைப்பில் பிளவு காண இயலாது என்பதையும் பேசும் அத்தியாயம் அது. மேலே தச்சர் செய்த வானம். அதன் கீழே வானத்தைப் பற்றிய வசனம். அதற்கும் கீழே சுல்தான். ‘முல்க்’ என்றால் ஆட்சி. அந்த ஆட்சி யார் கையில் என்பதை முதல் வசனமே அறுதியிட்டுரைக்கிறது. தன் அரியணைக்கு மேல் இதை எழுதச் சொன்ன மன்னரின் உள்ளத்தை நாம் அறியோம். பணிவாகவும் இருக்கலாம், ஆட்சிக்கு உரியவனின் நிழல் நான் என்ற உரிமைக் கோரலாகவும் இருக்கலாம். ஹிஜ்ரி 755 ஷவ்வால் முதல் நாள், பெருநாள் தொழுகையில் இருந்தபோது யூசுஃப் குத்திக் கொல்லப்பட்டார்.

அரியணை இருந்த நடுமாடத்தில் ஒரு கவிதை உண்டு. அங்கே பேசுவது மாடமே. சுற்றியுள்ள மாடங்களை உடலின் உறுப்புகளாகவும் தன்னை இதயமாகவும் அது சொல்லிக்கொள்கிறது. அல்ஹம்ராவின் கவிதைகளில் பல இப்படித் தன்மையிடத்தில் பேசுபவை. தண்ணீர்க் குடுவை வைக்கும் சிறு மாடம்கூட ‘நான்’ என்று தொடங்கித் தன் அழகைப் பாராட்டிக்கொள்கிறது. சுவர் பேசுகிறது என்பதைக் கவித்துவமாக நாம் சொல்லத் தேவையில்லை; இலக்கணப்படியே அது பேசுகிறது.

மிகுதியாகத் திரும்பத் திரும்ப வரும் வாசகம் ‘வலா காலிப இல்லல்லாஹ்’ என்பது. அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை. தூணில், வளைவில், ஓட்டில், கேடய வடிவ முத்திரையில் எங்கும் இதுவே. இதைக் கண்டு கண் கலங்கும் முஸ்லிம் பயணியை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் இவ்வாசகத்தின் வரலாற்றையும் அவர் அறிந்திருப்பது நல்லது. 1238இல் இம்மலையில் கோட்டைப்பணி தொடங்கிய முதலாம் முஹம்மது, 1246இல் ஹயேன் நகரைக் காஸ்டீலிய மன்னர் மூன்றாம் பெர்னாண்டோவிடம் விட்டுக்கொடுத்து, அவருக்குத் திறை செலுத்த ஒப்பினார். 1248இல் முஸ்லிம் செவில்லாவை அம்மன்னர் முற்றுகையிட்டபோது அவருக்குத் துணையாகத் தம் படையுடன் நின்றார். திரும்பியவரை மக்கள் ‘வெற்றியாளரே’ என்று வாழ்த்த, அதற்கு மறுமொழியாக அவர் வாயிலிருந்து வந்ததே இவ்வாசகம் என்பது செவிவழிக் கதை. கதை மெய்யோ பொய்யோ, அதிலுள்ள கூச்சம் மெய்யானது. பின்னாளில் ஐந்தாம் முஹம்மதின் நண்பரான காஸ்டீலிய மன்னர் பெத்ரோ செவில்லாவில் கட்டிய மாளிகையின் முகப்பிலும் இதே வாசகம் நீல ஓடுகளில் பதிக்கப்பட்டது. கிறிஸ்தவ மன்னரின் வாயிலில் நஸ்ரியரின் திருவாசகம்! இஸ்லாம்–கிறிஸ்தவம் என்று இரண்டே கட்டங்களாக அக்காலத்தைப் பிரித்துக் கொண்டவர்களுக்கு இந்த முகப்பு விளங்கப் போவதில்லை.

சிங்க முற்றத்துக்கு வருவோம். ஐந்தாம் முஹம்மது (ஆட்சி 1354–1359, 1362–1391) எழுப்பிய இப்பகுதிக்கு அன்றைய பெயர் ‘அர்-ரியாளுஸ் ஸயீத்’, மகிழ்ச்சித் தோட்டம். இன்று வழங்கும் பெயர்களில் பல வென்றோர் இட்டவை. ‘இரு சகோதரியர்’ மண்டபம் தரையிலுள்ள இரண்டு பெரிய சலவைக்கற்களால் அப்பெயர் பெற்றது. எதிரிலுள்ள மண்டபத்தில் அபென்செராஜ் குடியினர் தலை துண்டிக்கப்பட்டனர் என்றும், தொட்டியில் காணும் செங்கறை அவர்கள் குருதி என்றும் வழிகாட்டிகள் சொல்வர். இரும்புத் துரு படிந்த கறை அது. ஆனால் துருவுக்குக் கதை கிடையாதே! 1829இல் அல்ஹம்ராவிலேயே சில காலம் தங்கி, 1832இல் தம் கதைநூலை வெளியிட்ட அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் இத்தகைய கதைகளுக்கு நிரந்தர வாழ்வளித்தார். அந்நூல்தான் சிதைந்து கிடந்த மாளிகையின்பால் உலகின் பார்வையைத் திருப்பியது என்பதையும் நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரத்தக் கதையைத் தேடுவோர் சுவரிலேயே தேடியிருக்கலாம். பன்னிரு சிங்கங்கள் தாங்கும் தொட்டியின் விளிம்பில் பொறிக்கப்பட்ட கவிதை இப்னு ஸம்ரக்கினுடையது. ஓடும் நீருக்கும் உறைந்த சலவைக்கல்லுக்கும் வேறுபாடு தெரியாமல் பார்வை மயங்குவதை அது பாடுகிறது. அரசர்மீது கொண்ட மதிப்பால் சிங்கங்கள் பாயாமல் நிற்பதாகக் கற்பனை செய்கிறது. இரு சகோதரியர் மண்டபத்தின் இருபத்து நான்கு அடிகளும் இவருடையவை. இவருடைய ஆசான் இப்னுல் கதீப்: அமைச்சர், மருத்துவர், வரலாற்றாசிரியர், கவிஞர், இப்னு கல்தூனின் நண்பர். அரசவைச் சூழ்ச்சியில் வீழ்ந்து ஃபேஸ் நகருக்குத் தப்பியோடிய அவரைச் சமயக் குற்றம் சாட்டி விசாரித்தவர்களில் அவருடைய மாணவர் இப்னு ஸம்ரக்கும் ஒருவர். 1374இல் சிறையிலேயே இப்னுல் கதீபின் கழுத்து நெரிக்கப்பட்டது. ஆசானின் இடத்தில் அமைச்சராக அமர்ந்த மாணவர், ஏறத்தாழ 1393இல் மற்றொரு சுல்தானின் ஆணையால் தாமும் கொல்லப்பட்டார். உலகின் மிக அழகிய நீரூற்றில் எழுதப்பட்ட வரிகள் அந்தக் கைக்கு உரியவை. இதைச் சொல்வதால் கவிதையின் அழகு குறையாது. ஆனால் அதனை வெறும் சொர்க்க வருணனையாகச் சுவைப்பது இனி எளிதன்று.

சிங்க முற்றம் உண்மையில் ஒரு மதரஸாவும் ஸாவியாவும் ஆகும் என்றொரு கருத்தை ஸ்பானிய ஆய்வாளர் ஹுவான் கார்லோஸ் ருயிஸ் சோசா 2001இல் முன்வைத்தார். கேட்பதற்கு நமக்கு இனிக்கும் கருத்து. ஆனால் அங்குள்ள கவிதைகள் பேசுவது மாணவரையோ சூஃபியரையோ பற்றியன்று. அரச மகிழ்வைப் பற்றி. சுவர்களின் சாட்சியத்தைத் தள்ளிவிட்டுக் கட்டட வடிவத்தை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. பக்கத்திலுள்ள ‘மன்னர் மண்டப’க் கூரைகளில் தோல்மீது தீட்டிய ஓவியங்கள் உள்ளன. நடுக்கூரையில் தலைப்பாகை அணிந்து அமர்ந்த பதின்மர். பக்கக் கூரைகளில் வேட்டையும், ஐரோப்பிய வீரக்கதைக் காட்சிகளும். இஸ்லாமியக் கலை உருவங்களை அறவே விலக்கியது என்று பாடநூல்கள் சொல்லும் பொதுவிதி இம்மண்டபத்தில் செல்லாது. அந்த முற்றத்தின் சிங்கங்களும் அதைச் செல்லவிடா.

மாளிகைகளை விட்டு வெளியே வந்தால் எதிரே நிற்பது ஐந்தாம் கார்லோஸின் அரண்மனை. பெத்ரோ மச்சூகா வரைந்த திட்டப்படி 1527இல் தொடங்கப்பட்டது. சதுரக் கட்டடத்துக்குள் வட்ட முற்றம். இத்தாலிய மறுமலர்ச்சிக் கலையின் உயர்ந்த ஆக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது நிற்கும் இடம்? நுண்ணிய சுதைவேலைகளின் தோளில் கருங்கல்லை ஏற்றியது போன்றிருக்கிறது. அதற்குப் பணம் வந்த வழி இன்னும் கசப்பானது. கட்டாய மதமாற்றத்துக்கு உள்ளான முஸ்லிம்கள், அதாவது மொரிஸ்கோக்கள், தங்கள் உடையையும் வழக்கங்களையும் சில காலம் வைத்துக்கொள்ள 1526இல் பேரரசருக்குப் பெருந்தொகை செலுத்த இசைந்தனர். அத்தொகையின் ஒரு பகுதி இக்கட்டடத்துக்குச் சென்றது. 1567இல் அரபுமொழிக்கே தடை விதிக்கப்பட்டது, 1568இல் மொரிஸ்கோக்கள் கிளர்ந்தெழுந்தனர், வரி நின்றது, வேலையும் நின்றது. கூரையின்றி நூற்றாண்டுகள் கிடந்த அரண்மனை இருபதாம் நூற்றாண்டில்தான் நிறைவுற்றது. இவற்றையெல்லாம் அறிந்து அவ்வட்ட முற்றத்தில் நிற்பவர், அதன் ஒழுங்கைப் பாராட்டத் தயங்கினால் வியப்பில்லை.

அந்த அரண்மனையின் கீழ்த்தளத்தில்தான் இன்று அல்ஹம்ரா அருங்காட்சியகம் இயங்குகிறது. கூட்டம் அங்கே நுழைவதில்லை. அரைமணிச் சீட்டின் அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகின்றனர். பெரிய இழப்பு. ‘மான்களின் சாடி’ ஒன்றைக் காணவே தனிப்பயணம் மேற்கொள்ளலாம். 135 சென்டிமீட்டர் உயரம். சிறகு போன்ற கைப்பிடிகளில் ஒன்று உடைந்துபோயிற்று. நீல வண்ணமும் பொன் மினுக்கமும் கலந்த அதன் வயிற்றில் இரு மான்கள் எதிரெதிரே நிற்கின்றன. தூக்கவும் இயலாத, ஊற்றவும் இயலாத இச்சாடி பயன்பாட்டுக்கென்று செய்யப்பட்டதன்று. கொலுமண்டபத்தில் ஒரு மனிதர்போல் நிற்கவே செய்யப்பட்டிருக்க வேண்டும். இவ்வகைச் சாடிகள் இன்று பீட்டர்ஸ்பர்க், ஸ்டாக்ஹோம், பலேர்மோ என்று சிதறியுள்ளன. இன்னொன்று, சிங்கங்கள் மான்களைப் பாய்ந்து கவ்வும் புடைப்புச் சிற்பம் கொண்ட சலவைக்கல் தொட்டி. குர்துபாவின் பெருமைக் காலத்தில் செதுக்கப்பட்டுக் கிரனாடாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நஸ்ரிய சுல்தான் மூன்றாம் முஹம்மது அதில் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். முந்தையோர் பொருளைத் தமதாக்கும் பழக்கம் கார்லோஸுடன் தொடங்கியதன்று.

காட்சிக்கு இல்லாத பொருளையும் நினைக்க வேண்டும். பர்த்தால் மாளிகையின் செதுக்கு மரக்கூரை பெர்லின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் உடைமை. அம்மாளிகையை விலைக்கு வாங்கியிருந்த ஆர்தர் ஃபான் க்வின்னர் என்ற ஜெர்மானிய வங்கியாளர், 1891இல் கட்டடத்தை ஸ்பானிய அரசுக்குக் கொடுத்துவிட்டுக் கூரையைக் கழற்றி எடுத்துச் சென்றார்.

அருங்காட்சியகத்தில் எவர் பெயராவது பெரிதாக எழுதப்பட வேண்டுமெனில், அலோன்சோ தெல் காஸ்தீயோவின் பெயரை எழுதலாம் என்பேன். கிரனாடாவில் வாழ்ந்த மொரிஸ்கோ மருத்துவர் அவர். மாளிகைச் சுவர்களின் அரபுப் பொறிப்புகளைப் படியெடுத்து, ஸ்பானிய மொழியில் பெயர்த்து, 1564இல் முடித்தார். மூன்றே ஆண்டுகளில் அம்மொழி தடைசெய்யப்பட்டது. பின்னர் அழிந்துபோன சில பொறிப்புகள் அவருடைய படியினாலேயே இன்று நமக்குத் தெரிய வருகின்றன. அதே காஸ்தீயோ, கிளர்ச்சிக் காலத்தில் கைப்பற்றப்பட்ட அரபுக் கடிதங்களை மன்னருக்காக மொழிபெயர்த்தார் என்பதும் வரலாறு. அவரைத் துரோகி என்றோ தியாகி என்றோ ஒரே சொல்லில் அடக்க முற்படுவோர் அவர் வாழ்ந்த காலத்தின் நெருக்கடியை உணராதவர்கள்.

புதுப்பித்தோரும் ஒரு வகையில் வாசகரே. தவறாக வாசித்தவர்களும் உண்டு. 1859இல் ரஃபாயேல் கொந்த்ரேராஸ், சிங்க முற்றத்தின் கிழக்கு மண்டபத்துக்கு வண்ண ஓடு வேய்ந்த உருண்டைக் குவிமாடம் ஒன்றைச் சூட்டினார். முஸ்லிம் கட்டடம் என்றால் குவிமாடம் இருந்தே ஆகவேண்டும் என்பது அக்கால ஐரோப்பியரின் முடிவு. லெயோபோல்தோ தோரெஸ் பல்பாஸ் 1934இல் அதை அகற்றிக் கூம்புக்கூரையை மீட்டார். 1923 முதல் 1936 வரை அல்ஹம்ராவின் பாதுகாவலராயிருந்த அவர், சேர்ப்பதைவிட நிறுத்திவைப்பதே தம் பணி என்று கருதியவர். இடிந்ததை நிரப்பிய இடத்தில் அது நிரப்பியது என்று தெரியுமாறு விட்டார். உள்நாட்டுப் போர் வந்தபோது பதவி பறிபோயிற்று. இன்று நாம் காணும் அல்ஹம்ரா கணிசமான அளவில் அவருடைய அல்ஹம்ரா. 2012இல் முடிந்த புதுப்பிப்பில் சிங்கங்களின் மேல் படிந்திருந்த சுண்ணாம்பு அகன்றது. ஒவ்வொரு சிங்கமும் முகத்தால் வேறுபட்டது என்பது வெளிப்பட்டது. முற்றத்தின் தரைக்கும் சலவைக்கல் வந்தது.

இனித் தோட்டங்கள். பயணிகள் மிகுதியும் மெய்மறப்பது இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான். ஹெனெராலிஃபே என்று ஸ்பானியர் அழைக்கும் ஜன்னத்துல் அரீஃப், மாளிகைக்கு எதிர்ச்சரிவிலுள்ள கோடைகால இல்லம். அதன் நீள்வாய்க்கால் முற்றத்தில் இருபுறமும் வில்லாய் வளைந்து பாயும் நீர்த்தாரைகளை உலகமே படங்களில் அறியும். ‘இஸ்லாமியத் தோட்டம்’ என்று எந்த நூலைத் திறந்தாலும் அந்தப் படம்தான். அத்தாரைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை. நஸ்ரியர் காலத்தில் அங்கே நீர் ஓசையின்றி ஓடியது. 1958இல் தீவிபத்து ஒன்று நேர்ந்ததன் பயனாக நடந்த அகழ்வில், இன்றைய தரைக்கு வெகு கீழே பழைய பாத்திகள் கண்டறியப்பட்டன. பாத்தி தாழ்ந்திருந்ததால் பூக்கள் நடைபாதையின் மட்டத்தில் கம்பளம்போல் விரிந்திருக்கும். இன்று அவை இடுப்பளவு உயர்ந்து பார்வையை மறைக்கின்றன. மாளிகைக்குச் செல்லும் வழியிலுள்ள சைப்ரஸ் வேலிகளும் ரோஜாப் பந்தல்களும் 1931க்கும் 1951க்கும் இடையில் தோரெஸ் பல்பாஸும், பின்னர் பிரீயெத்தோ மொரேனோவும் அமைத்தவை. அவை அழகற்றவை என்று சொல்லவில்லை. செம்மையான இருபதாம் நூற்றாண்டுத் தோட்டக்கலை. ஆனால் அங்கே நின்று திருக்குர்ஆன் வருணிக்கும் சுவனத்தை மூதாதையர் மண்ணில் வரைந்ததாக உருகுவோர், ஸ்பானியக் கட்டடக் கலைஞர் ஒருவரின் வரைபடத்தைப் பார்த்தே உருகுகின்றனர். ‘இஸ்லாமியத் தோட்டம் என்றால் சுவனத்தின் சாயல்’ என்ற வாய்பாட்டை நாமும் அளவுக்கு மீறிப் பயன்படுத்திவிட்டோம்.

ஹெனெராலிஃபே முதலில் ஒரு பண்ணை. சரிவிலே படிக்கட்டாய் இறங்கும் மதில்சூழ்ந்த காய்கறித் தோட்டங்கள் அதன் உடல். மாளிகை அதன் முகம். கிரனாடா வீழ்ந்தபின் இவ்விடம், மதம் மாறிய முஸ்லிம் பிரபுக் குடும்பத்தின் வழிவந்தோர் கைக்குச் சென்று, நீண்ட வழக்குக்குப் பின் 1921இல் அரசிடம் வந்து சேர்ந்தது. உரிமையாளர் மாறினர், உழவு நிற்கவில்லை. ரோஜாப் பந்தலை நோக்கி விரையும் கூட்டத்தின் பக்கவாட்டில், தாழ்ந்த மண்மதிலுக்கு அப்பால், அத்தோட்டங்கள் இன்றும் பயிரிடப்படுகின்றன. அங்கே பொறிப்பு எதுவுமில்லை, வழிகாட்டி நிற்பதுமில்லை. தார்ரோ ஆற்றில் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் மேலே தடுத்துத் திருப்பிய நீர், எந்த இயந்திரமும் இன்றி மலையின் வாட்டத்தைப் பிடித்தே வருகிறது. சுல்தான் வெட்டிய அந்த வாய்க்காலைக் குறிக்க உழவர் சொல்லும் ஸ்பானியச் சொல் ‘அஸேகியா’: அரபியின் ‘அஸ்-ஸாகியா’. விளையும் கூனைப்பூவுக்கு ‘அல்காச்சோஃபா’: ‘அல்-கர்ஷூஃப்’. 1567இன் ஆணை அந்த வரப்புவரை எட்டவில்லை போலும்.